புற்றுநோய் அறுவையும் காலில் உறையும் இரத்தமும்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் நெஞ்சம் கலங்குகிறது. அறுவை முடிந்தது, கட்டி அகற்றப்பட்டது என்று மருத்துவர் கூறியதும் குடும்பத்தார் பெருமூச்சு விடுகின்றனர். ஆனால், அறுவையில் பிழைத்து வீடு திரும்பியவருள் சிலர் இரண்டு மூன்று வாரங்கள் கழிந்தபின் திடீரென மூச்சுத் திணறி இறந்துபோவதுண்டு. 'மாரடைப்பு' என்று ஊரார் சொல்லி முடித்துவிடுவர். அத்தகைய சாவுகளுள் சில, காலின் ஆழ்சிரையில் உறைந்த இரத்தம் கழன்று சென்று நுரையீரல் தமனியை அடைத்ததனால் நேர்ந்தவை. இவ்வாபத்தைப் பெரிதும் குறைக்க வழியுண்டு. அவ்வழியில் பாதி மருத்துவமனையில் நடப்பது; மறுபாதி நம் வீட்டில் நடக்க வேண்டியது. அம்மறுபாதியைப் பற்றி நம் பகுதியில் போதிய தெளிவில்லை என்பதால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நான் விலங்கியல் மாணவன், மருத்துவன் அல்லன். மருந்தின் பெயரும் அளவும் ஈண்டு வருமாயின் அவை விளக்கத்திற்காக மட்டுமே. ஒவ்வொரு நோயாளிக்கும் உரியதை அவருடைய மருத்துவரே முடிவு செய்வார்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் 'ரத்தக்கட்டு' என்றால் அடிபட்ட இடம் கன்றிப்போவதைக் குறிக்கும். அதற்குப் பத்துப் போடுவோம், எண்ணெய் தடவி நீவி விடுவோம். நான் கூறவந்த உறைகட்டி வேறு. இது தோலுக்கடியில் கசிந்த இரத்தம் அன்று. சிரையின் உள்ளேயே, ஓடவேண்டிய இரத்தம் கெட்டியாகி நிற்பது. பெயர்க்குழப்பத்தால் இதையும் நீவி விடுவோர் உளர். அது எத்துணைக் கேடு என்பதைப் பின்னர்க் காண்போம்.

காலிலிருந்து இதயத்திற்கு இரத்தம் மேல்நோக்கி ஏறவேண்டும். இதயம் தள்ளிய விசை காலின் சிரைகளை அடைவதற்குள் பெரிதும் குறைந்துவிடுகிறது. அப்படியாயின் ஏற்றிவிடுவது எது? கெண்டைக்கால் தசைதான். நாம் நடக்கும்போது அத்தசை சுருங்கி ஆழ்சிரைகளைப் பிழிகிறது. சிரைகளில் உள்ள வால்வுகள் இரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கின்றன. வில்லியம் ஹார்வி 1628இல் இரத்த ஓட்டத்தை நிறுவியபோது இவ்வால்வுகளையே முக்கியச் சான்றாகக் காட்டினார். கெண்டைக்கால் தசையை 'இரண்டாம் இதயம்' என்பர். பழைய கால்மிதித் தையல் மிஷினில் குதிகாலும் முன்பாதமும் மாறிமாறி அழுந்துமல்லவா? அந்த அசைவு இந்த இரண்டாம் இதயத்தை நன்றாக இயக்கவல்லது. இன்றைய பவர் மிஷினில் பாதம் வெறுமனே அழுத்திக்கொண்டிருக்கிறது; அது வேறு கட்டுரைக்கு உரிய பொருள்.

செர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ 1856இல் வெளியிட்ட ஆய்வுகளில் காலில் உறைந்த கட்டி நுரையீரல் வரை பயணம் செய்யும் என்பதைக் காட்டினார். அவருடைய பெயரால் இன்றும் மூன்று காரணங்களைச் சொல்வது வழக்கம். இரத்த ஓட்டம் தேங்குதல், குழாயின் உட்சுவர் புண்படுதல், இரத்தமே உறையும் தன்மை மிகுதல். புற்றுநோய்க்கான பெரிய அறுவையில் இம்மூன்றும் ஒருங்கே கூடிவிடுகின்றன. மயக்கமருந்தால் தசை தளர்ந்து, மணிக்கணக்கில் கால் அசைவற்றுக் கிடக்கிறது. வயிறு, இடுப்புக்குழி ஆகியவற்றில் கத்தி புகும்போது சிரைகள் இழுபடுகின்றன, நசுங்குகின்றன. மூன்றாவதுதான் புற்றுநோய்க்கே உரிய கொடை. புற்றணுக்கள் பல, 'திசுக்காரணி' என்னும் புரதத்தைத் தம் மேற்பரப்பில் ஏந்தி நிற்கின்றன. காயம்பட்ட இடத்தில் உறைதலைத் தொடங்கிவைக்கும் அதே புரதம்! காயமே இல்லாதபோதும் உடல் காயம்பட்டதாக எண்ணி உறைபொருளை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. கணையம், இரைப்பை, சினைப்பை, மூளை ஆகியவற்றின் புற்றில் இது மிகுதி. மார்பகப் புற்றில் ஒப்பளவில் குறைவு. வேதிமருந்துகள் சிலவும், மருந்தேற்றுவதற்காகப் பெருஞ்சிரையில் பொருத்தும் குழாயும் இதனை மேலும் கூட்டும்.

புற்றுக்கும் உறைதலுக்கும் உள்ள உறவை 1865இல் பாரிசு நகர மருத்துவர் அர்மாண்டு துரூசோ தம் விரிவுரைகளில் எடுத்துரைத்தார். காரணம் தெரியாமல் ஒருவருக்குச் சிரையில் உறைகட்டி தோன்றினால் உள்ளுறுப்பில் புற்று மறைந்திருக்கக்கூடும் என்பது அவர் கண்டது. 1867ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருடைய சிரையிலேயே அது தோன்றியது. தம் முடிவு இன்னதென அவர் அப்போதே உணர்ந்துகொண்டார். அவ்வாண்டு சூன் திங்களில் இரைப்பைப் புற்றால் இறந்தார். தாம் கண்ட அறிகுறியைத் தம் உடலிலேயே படித்த மருத்துவர் என அவரைச் சொல்லலாம்.

இனி, எத்தனை நாள் வரை அஞ்சவேண்டும் என்ற கேள்வி. என் கருத்தில் இக்கட்டுரையின் உயிர்நாடி இதுதான். மருத்துவமனையில் இருக்கும் வரைதான் ஆபத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்றே நாம் எண்ணுகிறோம். இங்கிலாந்தில் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட நடுவயதுப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மருத்துவமனையில் தங்கி அறுவை செய்துகொண்டவர்க்கு, முதல் 6 வாரங்களில் உறைகட்டி நோய் வரும் வாய்ப்பு அறுவையே செய்யாதவரைவிட ஏறத்தாழ 70 மடங்கு எனவும், அது உச்சம் தொடுவது மூன்றாம் வாரத்தில் எனவும், புற்றுநோய்க்கான அறுவை செய்துகொண்டவர்களிடம் மிகுதி எனவும் அது கண்டது. இத்தாலியில் புற்றுநோய் அறுவை செய்துகொண்ட 2,373 பேரை ஆராய்ந்த 2006ஆம் ஆண்டு அறிக்கை இன்னும் தெளிவு. உறைகட்டி நிகழ்ச்சிகளில் 40 விழுக்காடு, அறுவை முடிந்து 21 நாள் கழிந்தபின் வந்தவை. அறுவைக்குப் பின் ஒரு மாதத்துக்குள் நேர்ந்த சாவுகளுக்கு முதற் காரணமும் உறைகட்டியே. மூன்றாம் வாரத்தில் நம்மவர் எங்கே இருக்கிறார்? பல்லடத்திலோ அவிநாசியிலோ தம் வீட்டுக் கட்டிலில், 'அசையாமல் படு ஆத்தா' என்ற அன்புக் கட்டளைக்கு அடங்கிக் கிடக்கிறார்.

"இதெல்லாம் வெள்ளைக்காரர் நோய், நம் நாட்டவர்க்கு வராது" என்ற எண்ணம் மருத்துவர்களிடையேகூட நெடுங்காலம் இருந்தது. அதை அசைத்த சான்றுகளுள் ஒன்று நம் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர்கள் 1996 முதல் 2005 வரையிலான தம் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினர். உள்நோயாளிகளாகச் சேர்ந்தோரில் 10,000க்கு ஏறத்தாழ 17 பேருக்கு ஆழ்சிரை உறைகட்டி உறுதிசெய்யப்பட்டிருந்தது. காரணங்களுள் முதலிடம் புற்றுநோய்க்கு; அடுத்த இடம் அறுவைக்கு. இவை வெளிப்படத் தெரிந்து, சோதித்து உறுதிசெய்தவை மட்டுமே என்பதை நினைவிற்கொள்க. சண்டிகர் பட்டமேற்படிப்பு மருத்துவ நிலையத்தில் 1,000 பிணக்கூறாய்வுகளைப் பார்த்தபோது ஏறத்தாழ 16 விழுக்காட்டினரின் நுரையீரலில் உறைகட்டி இருந்தது. தேடாததால் காணாதிருந்தோம், காணாததால் இல்லை என்றோம். 32 நாடுகளில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், ஆபத்துக்குரிய நோயாளிகளில் உரிய தடுப்பு பெற்றவர் உலகளவில் சரிபாதி. இந்தியாவிலோ நூற்றுக்கு 17 பேர் அளவே.

தடுப்பது எவ்வாறு? முதலிடம் ஹெபாரின் என்னும் ஊசிமருந்துக்கே. 1916இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர், இரத்தத்தை உறையச் செய்யும் பொருளைத் தேடி ஈரல் முதலியவற்றின் சாறுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிடைத்ததோ உறையவிடாமல் தடுக்கும் பொருள்! அவருடைய ஆசிரியர் ஹோவெல், ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு அதற்குப் பெயரிட்டார். நம்மைப்போன்ற ஒரு மாணவர் கண்டது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இன்று இது பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. சமயக் காரணத்தால் தயங்குவோர் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். முற்றிலும் செயற்கையாகச் செய்யப்படும் மருந்தும் உண்டு.

இதை அறுவைக்கு முன்பே சிறு அளவில் போட்டால் உயிர் பிழைக்குமா என்பதைப் பெருமளவில் சோதித்துக் காட்டியவர், இந்தியாவில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய விஜய் வீர் கக்கர் என்னும் அறுவை மருத்துவர். 40 வயதைக் கடந்து பெரிய அறுவைக்கு வந்த 4,121 பேரை இரு கூறாக்கினர். ஒரு கூறினர்க்கு அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பும், பின்னர் 8 மணிக்கொரு முறை ஏழு நாளும் ஹெபாரின். மறு கூறினர்க்கு இல்லை. நுரையீரலை உறைகட்டி அடைத்து இறந்தவர், ஊசி பெறாதோரில் 16 பேர். பெற்றோரில் 2 பேர். 1975இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் அறுவைக்கூட நடைமுறையை மாற்றியது. காயத்தில் இரத்தம் கோத்துக்கொள்வது ஊசி பெற்றோரிடம் சற்று மிகுந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினர்.

அதற்குப்பின் நாளொன்றுக்கு ஒரே ஊசி போதுமான, மூலக்கூற்று எடை குறைந்த ஹெபாரின் வகைகள் வந்தன. அவற்றுள் எனாக்சாபரின் நம் மருந்துக்கடைகளில் பரவலாகக் கிடைப்பது. வயிறு, இடுப்புக்குழிப் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட 332 பேரை வைத்து 2002இல் வெளியிட்ட ஆய்வுதான் இப்போது நமக்கு வேண்டியது. எல்லார்க்கும் 6 முதல் 10 நாள் வரை ஊசி போட்டபின், ஒரு பகுதியினர்க்கு மேலும் 21 நாள் அதே ஊசியும், மற்றவர்க்கு மருந்தற்ற போலி ஊசியும் போடப்பட்டன. போலி ஊசி பெற்றோரில் 12 விழுக்காட்டினர்க்கு உறைகட்டி. மருந்து பெற்றோரில் 4.8 விழுக்காட்டினர்க்கே. இரத்தக் கசிவு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. இதனால்தான் வயிறு, இடுப்புக்குழிப் புற்றுக்கான பெரிய அறுவை செய்துகொண்டோருள் ஆபத்து மிக்கவர்களுக்கு நான்கு வாரம் வரை தடுப்பு மருந்தைத் தொடரச் சொல்கின்றனர். அண்மைக்காலத்தில் அபிக்சபான், ரிவராக்சபான் என்னும் மாத்திரைகளையும், தொடக்க நாட்களின் ஊசிக்குப்பின், இதற்கு ஏற்கத் தொடங்கியுள்ளனர். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2023இல் இவற்றைத் தன் பரிந்துரையில் சேர்த்தது.

எல்லார்க்கும் ஒரே அளவு ஆபத்தில்லை. கப்ரினி என்ற அமெரிக்க அறுவை மருத்துவரின் மதிப்பெண் முறை பல இடங்களில் வழக்கிலுள்ளது. 62 வயதான ஒருவருக்குப் பெருங்குடல் புற்று. இரண்டு மணி நேர அறுவை என்க. வயதுக்கு 2, புற்றுக்கு 2, முக்கால் மணிக்கு மேற்பட்ட அறுவைக்கு 2, ஆக 6. ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் மிகு ஆபத்துப் பிரிவு. முன்பு உறைகட்டி வந்திருந்தாலும், உடன்பிறந்தார், பெற்றோர்க்கு வந்திருந்தாலும் மதிப்பெண் ஏறும். கருத்தடை மாத்திரை, தமாக்சிபன் போன்றவற்றை உட்கொள்வோரும், இரத்தம் கசியும் குடற்புண், சிறுநீரகக் கோளாறு உடையோரும் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதாயின் ஹெபாரின் போடும் நேரத்தை அதற்கேற்பத் தள்ளிவைப்பர். இல்லையேல் தண்டுவடத்தருகே இரத்தம் கசியக்கூடும்.

எங்கள் தெருவில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அக்கா இருக்கிறார். சினைப்பைக் கட்டிக்காகக் கோவையில் ஒரு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டு ஒன்பதாம் நாள் வீடு வந்தார். "தம்பி, இதுல என்னமோ இங்கிலீசுல எழுதியிருக்குது, என்னன்னு பாரு" என்று சீட்டைக் கொடுத்தார். எனாக்சாபரின், நாளுக்கு ஒன்று, இன்னும் 19 நாள் என்றிருந்தது. "வலியே இல்லீங் கண்ணு, பொறவு எதுக்கு ஊசி? மருந்துக்கடைக்காரர் சொன்ன வெலையைக் கேட்டா ஒரு வாரச் சம்பளம் போயிரும் போல" என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. தைத்த காயத்துக்கு மருந்து என்றால் காயம் தெரியும். காய்ச்சலுக்கு மாத்திரை என்றால் சூடு தெரியும். வராத ஒன்றைத் தடுக்கும் ஊசிக்குக் கண்ணால் காணும் சாட்சி ஏது? உட்கார்ந்து படம் வரைந்து விளக்கியபின் அவர் மகள் மீண்டும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினார். விலை குறைந்த வேறு நிறுவனத் தயாரிப்பை எழுதிக்கொடுத்தனர். ஊசியை அம்மகளே போட்டார். தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு, தையலுக்குத் தள்ளி, தோலை மடித்துப் பிடித்து நேராகக் குத்த வேண்டும்; முழு அளவும் நிரப்பி வரும் சிரிஞ்சில் உள்ள காற்றுக் குமிழியை வெளியேற்றக் கூடாது; போட்டபின் தேய்க்கக் கூடாது. நாளுக்கொரு பக்கமாக மாற்றிப் போட வேண்டும். பிளஸ் டூ படித்த பெண் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். பெரிய வித்தை ஒன்றுமில்லை.

இனி நம் தொழிலுக்கு நெருங்கிய பொருள் ஒன்று. அறுவைக்கூடத்தில் நோயாளிக்கு அணிவிக்கும் நீண்ட வெண்ணிறக் காலுறை, வட்ட நிட்டிங் மிஷினில் பின்னப்படும் பின்னலாடையே. கணுக்காலில் பாதரச அளவில் 14 முதல் 18 மில்லிமீட்டர் வரை அழுத்தம் தந்து, மேலே போகப்போக அழுத்தம் தளரும்படி லூப்பின் நீளத்தையும் எலாஸ்டிக் நூலின் இழுப்பையும் கணக்கிட்டுப் பின்னுகின்றனர். இதன் தோற்றமே சுவையானது. கான்ராடு ஜோப்ஸ்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளர்க்குக் காலில் சிரை புடைத்து வலி. நீச்சல் குளத்தில் நின்றபோது மட்டும் வலி தணிவதைக் கண்டார். ஆழத்தில் நீரழுத்தம் மிகுதி, மேலே குறைவு. அதையே துணியில் கொண்டுவந்தால் என்ன என்று எண்ணினார். நம் ஊர்க்காரர் எவரும் கேட்டவுடன் தலையசைக்கக்கூடிய எண்ணம்.

ஆயினும் தொழிற்பற்றால் உண்மையை மிகைப்படுத்தக் கூடாது. இங்கிலாந்தில் 7 மருத்துவமனைகளில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஹெபாரின் மட்டும் பெற்றோரில் 1.7 விழுக்காட்டினர்க்கும், ஹெபாரினோடு காலுறையும் அணிந்தோரில் 1.4 விழுக்காட்டினர்க்கும் உறைகட்டி வந்தது. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே காலுறை வாங்கிவிட்டோம், ஊசி வேண்டாம் என்பது ஏமாற்றம். இரத்தக் கசிவால் ஊசி போடவே இயலாதவர்க்குக் காற்றடைத்துக் காற்றடைத்துக் காலைப் பிழியும் உறைக்கருவி பயன்படும். காலில் தமனி அடைப்பு உள்ளவரும், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவரும் மருத்துவரைக் கேளாமல் இறுக்கக் காலுறை அணியவே கூடாது. மேல்விளிம்பு சுருண்டு தொடையில் கயிறுபோல் இறுக்கினால் தடுக்க வந்ததே தேக்கத்துக்குக் காரணமாகிவிடும். சாதாரண டைட்ஸை இதற்கு மாற்றாகக் கொள்வோரும் உளர். கணுக்காலில் அதற்கு உரிய அழுத்தம் கிடையாது.

நடை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் இசைந்தவுடன், பெரும்பாலும் அறுவைக்கு மறுநாளே, பிடித்துக்கொண்டேனும் எழுந்து நடப்பது நல்லது. படுத்திருக்கும்போது, முன்பு சொன்ன கால்மிதி மிஷினை மிதிப்பதுபோலப் பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பத்துப் பதினைந்து முறை. 'தண்ணி குடிச்சா புண்ணு சீழ் வைக்கும்' என்று நீரைக் குறைப்பது நம் பக்கத்துப் பழக்கம். உடலில் நீர் வற்றினால் இரத்தம் அடர்ந்துபோகும். மருத்துவர் தடுத்திருந்தாலொழிய நீர் குறைக்கலாகாது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ வேலூரிலோ அறுவை முடிந்து காரில் திரும்புவோர், ஒன்றரை மணிக்கு ஒருமுறையேனும் வண்டியை நிறுத்தி இறங்கி நாலடி நடக்கட்டும். பிறமாநிலத்திலிருந்து வந்து தனி அறையில் தங்கியிருக்கும் தொழிலாளர்க்கு இதைச் சொல்லவும் ஆளில்லை. உடன் வேலை செய்வோர் கவனிக்க வேண்டும்.

அறிகுறிகளை வீட்டார் தெரிந்திருத்தல் வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டைக்காலில் பிடித்தாற்போன்ற வலி, தொட்டால் சூடு, தோல் சிவத்தல் அல்லது நிறம் மாறுதல். இரு காலும் ஒருசேர வீங்கினால் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். அதையும் காட்டத்தான் வேண்டும். வீங்கிய காலை எண்ணெய் போட்டு நீவினால் சிரைச்சுவரில் ஒட்டியிருக்கும் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போகக்கூடும். டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும். ஊசி குத்தாத, வலியில்லாத சோதனை அது. உறைகட்டி உறுதியானால் தடுப்பு அளவுக்கு மாறாகச் சிகிச்சை அளவில், மாதக்கணக்கில் மருந்து தொடரும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் 108ஐ அழைப்பதில் தாமதம் கூடாது. அப்போது 'மூன்று வாரத்துக்கு முன் புற்றுநோய் அறுவை நடந்தது' என்ற ஒரு வாக்கியத்தை ஆம்புலன்சில் வருவோரிடமும் மருத்துவரிடமும் முதலில் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி என்றதும் இதயத்தை மட்டுமே நோக்கும் அவசரத்தில், அவ்வொரு வாக்கியம் நுரையீரலின் பக்கமும் அவர்களைத் திருப்பும். ஊசி போட்டுக்கொண்டிருக்கையில் மலம் கருத்துப்போதல், மூக்கிலோ ஈறிலோ இரத்தம் நிற்காமை, தையலில் கசிவு ஆகியவை தோன்றினால் அடுத்த ஊசியைப் போடுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். வயிற்றில் ஊசி போட்ட இடத்தில் சிறு ஊதா நிறத் திட்டுத் தோன்றுவது இயல்பு. அதற்காக ஊசியை நிறுத்த வேண்டியதில்லை.